நாலேகால் அடி உயரம்! எட்டு வால் நட்சத்திரம்!

லண்டன் நகரில் வான சாஸ்திரிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி என்பது அதன் பெயர். 1820-ம் ஆண்டில் தொடங்கிய சங்கம். வானத்தை ஆராய்ந்து அரிய காரியம் செய்தவர்களுக்கு அந்தச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுக்கும்.

1828-ம் ஆண்டில் அந்தப் பதக்கம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 77. உயரமோ நாலேகால் அடிதான். பள்ளிக்கூடத்தில் அவர் அதிகம் படித்தவரும் அல்ல. பெருக்கல் வாய்பாடு கடைசி வரையில் அவருக்கு மனப்பாடம் ஆகவில்லை. வாய்பாட்டை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார்.

அவருக்குச் சங்கத்தார் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களைச் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை!

அந்தப் பெண்மணிதான் கரோலின் ஹெர்ஷல்.

தாயின் பிடிவாதம்

ஜெர்மனியில் ஹானோவர் என்ற ஊர். அங்கே 1750-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி கரோலின் பிறந்தார். தகப்பனார் ஐசக், பட்டாளத்து பாண்டு கோஷ்டியில் வாத்தியம் வாசிப்பவர். பிள்ளைகள் எல்லோருக்கும் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். வானத்தைப் பற்றியும் அவருக்கு ஆசை உண்டு. பனி கொட்டும் இரவில் மகளைத் தெருவுக்கு அழைத்துப் போய் நட்சத்திரங்களைக் காட்டுவார். ஒரு முறை வால் நட்சத்திரம் ஒன்றையும் காட்டினார்.

தாயார் அன்னாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. பையன்கள் படித்ததால்தான் வீட்டை விட்டுச் சீமைக்குப் போய்விட்டார்கள் என்று அவர் எண்ணினார். மகளும் படித்தால் அவளும் போய்விடுவாள். பிறகு வீட்டு வேலையை யார் செய்வது?

ஆகவே கரோலினுக்குக் கிடைத்தது எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படிப்புத்தான். மற்ற நேரமெல்லாம் சமையல், துணி துவைத்தல், அண்ணன் தம்பிகளுக்குக் காலுறை பின்னுதல். முதன்முதலாகக் காலுறை பின்னியபோது, அவர் நின்றால் அந்தக் காலுறை தரையைத் தொட்டது. அவ்வளவு சின்னப் பெண்!

தாயார் நல்ல மனநிலையில் இருக்கும்போதோ, வெளியே போயிருக்கும்போதோதான் தகப்பனார் மகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பார். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கரோலின் தையல் கற்றார். அதுவும் விடிகிற நேரத்தில், வீட்டு வேலை தொடங்குவதற்கு முன்னால். தெருவில் உள்ள சிப்பாய்களின் மனைவிமார் இவரிடம் வருவார்கள். போர்முனையில் இருக்கும் புருஷனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள். எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி அந்த வட்டாரத்தில் இருந்தாள் என்றால் அது கரோலின்தான்.

குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டு முகத்தில் தழும்பு விழுந்தது. பத்து வயதை ஒட்டிக் கொடிய விஷக் காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தார், அதற்கு மேல் வளர்த்தி இல்லை.

தகப்பனார் மகளிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லி வைத்தார். அழகும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால் கல்யாணத்தை எதிர்பார்க்காதே என்றார். பெற்றவர் வாயால் கேட்கக் கடுமையான வார்த்தைதான். 1767-ல் அவரும் இறந்து போனார். வீட்டில் சம்பளம் இல்லாத வேலைக்காரி ஒருத்தி மிஞ்சினாள்.

அண்ணன் வந்தார்

கரோலினுக்கு வில்லியம் என்று ஓர் அண்ணன். 11 வயது மூத்தவர். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில், மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கும் உத்தியோகம். பாட்டு வாத்தியாரும் அவரே. தங்கையை அழைத்துப் போய்ப் பாடகியாக்கலாம் என்று அவர் நினைத்தார்.

மூத்த அண்ணன் ஜேக்கப் இதைக் கேட்டுக் கேலி செய்தார். கரோலின் பதில் பேசவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து, வயலினுக்கு உரிய ஸ்வரங்களை வாயால் பாடிப் பாடிப் பழகினார். பல்லுக்கு நடுவில் துணியை வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் பாடினார்! அதோடு, தாம் போன பிறகு தாயாரும் தம்பியும் கஷ்டப்படக் கூடாதே என்று இரண்டு வருஷத்துக்குத் தேவையான காலுறைகளைப் பின்னி அடுக்கினார்.

1772 ஆகஸ்டு மாதம் வில்லியம் வந்தார். தாயார் சம்மதிக்கவில்லை. வேலைக்காரி வைத்துக்கொள்ள வருஷா வருஷம் பணம் அனுப்புகிறேன் என்று வில்லியம் ஒப்புக்கொண்டார். பிறகுதான் உத்தரவு கிடைத்தது. அதாவது 22 வயது மகளுக்கு ஒரு வேலைக்காரியின் சம்பளம்தான் விலை.

ஆறு நாள் இரவு பகலாகத் திறந்த தபால் வண்டியில் பயணம். பிறகு கடல். புயலில் கப்பல் சேதப்பட்டது. கரை சேர்ந்து வண்டி ஏறினால், குதிரை மிரண்டு ஓடி, வண்டி கவிழ்ந்து, பள்ளத்தில் விழுந்தார்கள். ஒருவழியாகப் பாத் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கரோலினுக்கு இங்கிலீஷில் சில வார்த்தைகளுக்கு மேல் தெரியாது.

வீடெல்லாம் பட்டறை

காலைச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் தங்கைக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். நாளைக்கு இரண்டு மூன்று தடவை பாட்டுப் பயிற்சி. கரோலினுக்கு நல்ல குரல். சில ஆண்டுகளில் பெரிய கச்சேரிகளில் முதல் பாடகியாகப் பாடினார். பர்மிங்காம் நகரத்தார் தங்கள் சங்கீத விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாடமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அந்த அண்ணனுக்கோ இதற்குள் வேறு பைத்தியம் பிடித்துவிட்டது. பகலெல்லாம் சங்கீதம், இரவெல்லாம் நட்சத்திரம்! கடையில் வாங்கும் டெலஸ்கோப் அவருக்குப் போதவில்லை. தாமே செய்யத் தொடங்கினார்.

அந்தக் கால டெலஸ்கோப்பில் முக்கியமானது கண்ணாடி. கண்ணாடி என்றால் நாம் முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல. செம்பும் தகரமும் கலந்து வார்த்த வட்டத் தட்டு. அதை லேசான குழிவாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். நட்சத்திரத்தின் ஒளி அந்தக் குழியில் பட்டு ஓர் இடத்தில் குவியும். தட்டு பெரிதானால் அதிக ஒளி குவியும். மங்கலான நட்சத்திரமும் தெரியும்.

வார்ப்பு அச்சுக்கு மண்ணோடு குதிரைச் சாணம் கலப்பார்கள். அதை உரலில் இடித்துச் சலிக்கும் வேலை கரோலினுக்கு. இடித்து மாளாது. மெருகு போடும்போது நடுவில் கையை எடுத்தால் தட்டு கெட்டுவிடும். ஒரு முறை வில்லியம் 16 மணி நேரம் கையை எடுக்கவில்லை. அப்போதெல்லாம் கரோலின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைத் துண்டு துண்டாக அண்ணன் வாயில் ஊட்டுவார். அலுப்புத் தெரியாமல் இருக்க அரபுக் கதைகள் படித்துக் காட்டுவார்.

1781 ஆகஸ்டில் பெரிய தட்டு ஒன்றை வீட்டிலேயே வார்த்தார்கள். உலை ஒழுகிற்று. காய்ச்சிய உலோகம் தரையில் ஓடியது. தரைக் கற்கள் வெடித்துக் கூரை வரையில் பறந்தன. எல்லோரும் உயிர் தப்பி ஓடினார்கள்.

அதே ஆண்டு மார்ச் 13-ந் தேதி இரவு வில்லியம் ஒரு புதுக் கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தார். யுரேனஸ்! புதன் முதல் சனி வரையில் உள்ள கிரகங்களை ஆதி காலத்திலிருந்தே மனிதர்கள் அறிவார்கள். அதற்கு அப்பால் ஒரு கிரகத்தை ஒருவர் தேடிக் கண்டது அதுவே முதல் தடவை. அப்போது இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ். ஹானோவரும் அவருடைய ஆட்சியில் இருந்தது. தம் நாட்டுக்காரர் ஒருவரின் புகழில் மன்னருக்குச் சந்தோஷம். 1782-ல் வில்லியமுக்கு ஆண்டுக்கு 200 பவுன் கொடுக்க உத்தரவிட்டார்.

சங்கீதம் நின்றது. வீடு மாறியது. கரோலினின் பாட்டும் அதோடு முடிந்தது. பத்து ஆண்டு பாடுபட்டுக் கற்ற வித்தை. அதை விட்டுவிட விருப்பமா என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வானத்தைப் பெருக்குதல்

அண்ணன் சிறிய டெலஸ்கோப் ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தார். வானத்தைப் பெருக்கச் சொன்னார்.

பெருக்குவது என்றால் என்ன? வீட்டைப் பெருக்குகிறவர்கள் மூலை முடுக்கு விடாமல் வரிசையாகப் பெருக்குவார்கள் அல்லவா? அதே மாதிரி டெலஸ்கோப்பை மெள்ள மெள்ள நகர்த்தி, வானத்தைப் பட்டை பட்டையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வழக்கத்தில் இல்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1782 ஆகஸ்டு 22-ந் தேதி கரோலின் தொடங்கினார். முதலில் அவருக்கு இது பிடிக்கவில்லை. ஈரப் புல்லில், இருட்டில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் நிற்க வேண்டும். ஆனால் 1783-ல் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய ஒளி மேகங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒளி மேகம் என்பது வானத்தில் புகை போல மங்கலாகத் தெரியும் திட்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் கண்ட ஒரு திட்டு, நம் பால்வீதியைப் போன்ற தனி நட்சத்திரக் கூட்டம் என்று இன்று நமக்குத் தெரியும். அதில் கோடானுகோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன.

தங்கை இப்படிக் கண்டுபிடிப்பதைப் பார்த்து அண்ணனுக்கே ஆசை வந்துவிட்டது. 20 அடி நீள டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு அவரும் ஒளி மேகங்களைத் தேடத் தொடங்கினார். உடனே கரோலினுக்குச் சொந்த வேலை போயிற்று. எழுத்தர் வேலை வந்தது.

வில்லியம் உயரே மேடையில் நிற்பார். டெலஸ்கோப்பில் தெரிவதை உரக்கச் சொல்வார். கரோலின் ஜன்னல் ஓரம் விளக்கோடு உட்கார்ந்து அதை எழுதுவார். கடிகாரம் பார்த்து நேரம் குறிப்பார். குளிரில் மை உறைந்துவிடும் இரவும் உண்டு. சதுப்பு நிலத்துக் காய்ச்சல் வராமல் இருக்க வில்லியம் முகத்திலும் கையிலும் வெங்காயத்தைத் தேய்த்துக்கொள்வார். பொழுது விடிந்ததும் அண்ணன் தூங்குவார். தங்கை இரவுக் குறிப்புகளைச் சுத்தமாகப் படி எடுத்து, கணக்குப் போட்டு வைப்பார். பிறகு வீட்டுச் செலவுக் கணக்கு, சமையல், விருந்தாளிகள்! இருபது ஆண்டுகளில் வில்லியம் குறித்த ஒளி மேகங்களும் நட்சத்திரக் கொத்துகளும் 2,500. அத்தனையும் கரோலினின் கையெழுத்தில் ஏறியவை.

1783 டிசம்பர் 31-ந் தேதி இரவு. தரையில் ஓரடி உயரம் பனி. டெலஸ்கோப்பைத் திருப்பும் இடத்தில் ஏதோ சரிசெய்ய அண்ணன் கத்தினார். கரோலின் இருட்டில் ஓடினார். சறுக்கி விழுந்தார். கசாப்புக் கடையில் இறைச்சி மாட்டும் கொக்கி போல ஓர் இரும்புக் கொக்கி அங்கே இருந்தது. அது அவர் வலது தொடையில் ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது இரண்டு அவுன்ஸ் சதை கொக்கியில் தங்கிவிட்டது.

கரோலின் தாமே கட்டுப் போட்டுக்கொண்டார். ஒரு சிப்பாய்க்கு இந்தக் காயம் என்றால் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். கரோலினுக்குக் கவலையெல்லாம் தம்மால் அண்ணன் வேலை கெட்டுவிடுமே என்பதுதான். அடுத்த சில இரவுகளில் வானம் மூட்டமாக இருந்தது. எப்படியும் நட்சத்திரம் தெரிந்திராது என்று அவர் சமாதானம் அடைந்தார்.

முதல் வால் நட்சத்திரம்

1786 ஜூலையில் மன்னர் உத்தரவுப்படி ஒரு டெலஸ்கோப்பை ஒப்படைக்க வில்லியம் ஜெர்மனிக்குப் போனார். கரோலினுக்கு இரவுகள் சொந்தமாயின.

ஆகஸ்டு 1-ந் தேதி இரவு மங்கலான ஒரு பொருள் கண்ணில் பட்டது. நட்சத்திரம் அல்ல. ஒளி மேகமா, வால் நட்சத்திரமா? ஒளி மேகம் இருந்த இடத்திலேயே இருக்கும். வால் நட்சத்திரம் நகரும். ஆகவே மறுநாள் பார்த்தால்தான் சொல்ல முடியும். மறுநாள் பகல் முழுவதும் மழை! நள்ளிரவுக்குப் பிறகு வானம் தெளிந்தது. அந்தப் பொருள் இடம் மாறி இருந்தது.

வால் நட்சத்திரம் என்பது பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி. சூரியனை நெருங்கும்போது வெப்பத்தால் ஆவியும் தூசியும் கிளம்பி வாலாக நீளும்.

கரோலின் தூங்கப் போகவில்லை. உடனே ராயல் சொசைட்டியின் காரியதரிசி டாக்டர் பிளாக்டனுக்குக் கடிதம் எழுதினார். ராயல் சொசைட்டி என்பது 1660-ல் தோன்றிய பழைய விஞ்ஞான சங்கம். அவருடைய கடிதம் அந்தச் சங்கத்தில் படிக்கப்பட்டது, அச்சிலும் வந்தது. சங்கத்துப் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்து, அவர் டெலஸ்கோப்பில் வால் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள்.

இதற்கு முன்பும் ஒரு பெண் வால் நட்சத்திரம் கண்டது உண்டு. 1702-ல் பெர்லினில் மரியா கிர்க் என்ற அம்மையார் கண்டார். ஆனால் அது அவர் கணவர் பெயரில் வெளிவந்தது. தாம் தூங்கியபோது மனைவிதான் கண்டாள் என்று கணவர் ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. கரோலினுக்கு அந்தக் கதி நேரவில்லை. கண்டவர் பெயரிலேயே செய்தி போயிற்று.

1797 வரையில் அவர் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டார். ஒன்றை அவருக்கு முன்பே பிரான்சில் மெஸ்ஸியர் பார்த்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. 1788 டிசம்பரில் கண்டது எங்கோ போய் மறைந்தது. 1939-ல் ரிகோலே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வால் நட்சத்திரம் கண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது கரோலின் கண்ட அதே நட்சத்திரம்! இருவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. அடுத்தது 2092-ல் வரும்.

எட்டாவதைக் கண்டது 1797 ஆகஸ்டு 14-ந் தேதி இரவு. தபாலை நம்பிப் பயன் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மணி நேரம் தூங்கினார். குதிரைமேல் ஏறினார். சுமார் 30 மைல் சவாரி செய்து கிரீனிச்சில் அரசாங்க வான சாஸ்திரி மாஸ்கலைனிடம் நேரில் போய்ச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 47.

சொந்தச் சம்பாத்தியம்

1787-ல் மன்னர் கரோலினுக்கும் சம்பளம் போட்டார். அண்ணனுக்கு உதவியாளர் என்ற முறையில் ஆண்டுக்கு 50 பவுன். அக்டோபரில் முதல் தவணையாக 12 பவுன் 10 ஷில்லிங் கைக்கு வந்தது. தம் இஷ்டப்படி செலவு செய்ய உரிமையுள்ள பணம் என்று 37 வயதில்தான் முதன்முதலாக ஒரு தொகையை அவர் கண்டார். அதுவரையில் ஒவ்வொரு காசுக்கும் அண்ணன் கையைப் பார்க்க வேண்டும். விஞ்ஞான வேலைக்காகச் சம்பளம் வாங்கிய பெண் இங்கிலாந்தில் அதற்கு முன்பு இல்லை என்பார்கள்.

சம்பளம் வந்தது நல்ல வேளையில்தான். 1788 மே மாதம் வில்லியம் ஒரு விதவையை மணந்தார். வீட்டுச் சாவி அண்ணியிடம் போயிற்று. கரோலின் வேறு இடத்தில் குடியேறினார். தினமும் நடந்து வந்து வேலை செய்துவிட்டுப் போவார். அந்தப் பத்து ஆண்டு நாட்குறிப்பைப் பின்னால் அவரே அழித்துவிட்டார். எழுதி வைத்தது எத்தனை கசப்போ! ஆனால் அண்ணி மேரி நல்ல குணம் உள்ளவர். நாளடைவில் இருவரும் அன்பாகிவிட்டார்கள். 1792-ல் பிறந்த ஜானுக்கு அத்தை என்றால் உயிர்.

இந்த ஆண்டுகளில் கரோலின் இன்னொரு காரியமும் செய்தார். பிளாம்ஸ்டீட் என்ற பழைய வான சாஸ்திரி தயாரித்த நட்சத்திர அட்டவணைதான் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஆதாரம். அதில் பிழைகள் இருந்தன. கரோலின் அதை வரி வரியாகச் சரிபார்த்தார். விட்டுப்போன சுமார் 560 நட்சத்திரங்களைச் சேர்த்தார். 1798-ல் ராயல் சொசைட்டி தன் செலவில் அதை அச்சிட்டது. வாய்பாடு மனப்பாடம் ஆகாத பெண் திருத்திய கணக்கை வைத்துச் சீமை வான சாஸ்திரிகள் வேலை செய்தார்கள். வால் நட்சத்திரத்துக்குப் பேர் அதிகம். ஆனால் உழைப்பு என்று பார்த்தால் இதுவே பெரிது.

விருந்தில் பிறந்த சங்கம்

1820 ஜனவரி 12-ந் தேதி லண்டனில் ஒரு விடுதியில் 14 பேர் கூடி விருந்து சாப்பிட்டார்கள். வான சாஸ்திரத்துக்கென்று தனிச் சங்கம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவர்களில் பிரான்சிஸ் பெய்லி பங்குச் சந்தைத் தரகர். வில்லியம் பியர்சன் பாதிரியார். வானத்தை ஆராய்வதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் அன்றைக்குச் சிலர்தான். மற்றவர்கள் சொந்தப் பணத்தில், சொந்தக் கொல்லையில் டெலஸ்கோப் வைத்துப் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவர்களையும் உத்தியோக சாஸ்திரிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததுதான் இந்தச் சங்கத்தின் விசேஷம்.

அந்த 14 பேரில் ஒருவர் ஜான் ஹெர்ஷல். கரோலினின் அண்ணன் மகன்.

ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு இது பிடிக்கவில்லை. தம் சங்கத்திலிருந்து ஆட்கள் பிரிந்து போகிறார்களே என்று கோபம். புதுச் சங்கத்துக்குத் தலைவராக இசைந்த சோமர்செட் பிரபு, பாங்க்ஸின் பேச்சைக் கேட்டு விலகிக்கொண்டார். பாங்க்ஸ் அதே ஆண்டு இறந்தார். கடைசியில் 80 வயது தாண்டிய வில்லியம் ஹெர்ஷல் முதல் தலைவரானார். முதுமையால் பெயரளவுக்குத்தான்.

அண்ணன் தலைவர். அண்ணன் மகன் ஸ்தாபகர்களில் ஒருவர். எட்டு வால் நட்சத்திரம் கண்ட தங்கைக்கு அங்கே நாற்காலி இல்லை.

1822 ஆகஸ்டு 25-ந் தேதி வில்லியம் இறந்தார். கரோலினுக்கு உலகமே இருண்டது. இனிப் பிழைத்திருக்கப் போவது கொஞ்ச காலம்தான் என்று எண்ணி, அந்த அக்டோபரிலேயே ஹானோவருக்குத் திரும்பிவிட்டார். அங்கே தம்பி டீட்ரிச் இருந்தார். இந்த அவசர முடிவை நினைத்துக் கரோலின் பின்னால் மிகவும் வருந்தினார். கொஞ்ச காலம் என்று நினைத்தது 25 ஆண்டாக நீண்டது!

ஹானோவரில் வீடுகள் நெருக்கம். கூரைகள் வானத்தை மறைத்தன. டெலஸ்கோப்புக்கு வேலை இல்லை. ஆனால் பேனா இருந்தது. அண்ணன் கண்ட 2,500 ஒளி மேகங்களையும், வானத்தில் அவை வரிசையாக வரும் முறைப்படி புதிதாக அடுக்கி அட்டவணை எழுதினார். எழுதியது ஜானுக்காக. ஜான் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தகப்பனார் பார்த்த ஒளி மேகங்களை ஒவ்வொன்றாகத் தேடி மீண்டும் பார்த்தார்.

1828 பிப்ரவரியில் இந்த அட்டவணைக்குத்தான் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. சேதி ஹானோவருக்குப் போயிற்று. கரோலினுக்கு மகிழ்ச்சியைவிடத் திகைப்பே அதிகம். தாம் அண்ணன் கையில் இருந்த ஒரு கருவி மட்டுமே, தம்மைப் புகழ்வது அண்ணன் பெருமையைக் குறைப்பது என்பது அவர் எண்ணம். இந்த அடக்கம் கொஞ்சம் அதிகம்தான். அண்ணன் ஊரில் இல்லாதபோது கண்ட வால் நட்சத்திரம் யாருடையதாம்?

1835-ல் சங்கத்தார் ஒரு வழி கண்டார்கள். கரோலினையும், கணிதத்தில் பெயர் பெற்ற மேரி சோமர்வில் அம்மையாரையும் கௌரவ அங்கத்தினர்கள் ஆக்கினார்கள். பெண் என்பதற்காகத் தகுதியில் சலுகை காட்டவும் கூடாது. பெண் என்பதற்காக மரியாதையை மறுக்கவும் கூடாது என்று அப்போது சொன்னார்கள். கரோலினுக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கௌரவப் பதவிதான், மற்ற அங்கத்தினர்களுக்கு இருந்த உரிமை அதில் இல்லை.

96 வயதில் பிரஷ்ய மன்னரின் தங்கப் பதக்கமும் வந்தது. ஹும்போல்ட் என்ற பெரிய விஞ்ஞானி கடிதம் எழுதி அனுப்பினார். 97-வது பிறந்த நாளில் பட்டத்து இளவரசரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். கரோலின் அவர்களோடு இரண்டு மணி நேரம் பேசினார். வில்லியம் இயற்றிய பாட்டு ஒன்றைப் பாடியும் காட்டினார்! விட்டுப்போன பாட்டு நெஞ்சில் இருந்திருக்கிறது.

ஜான் தென் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தெற்கு வானத்தையும் ஆராய்ந்தார். அந்தப் புத்தகம் 1847-ல் வெளிவந்தது. ஒரு பிரதி அத்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனும் தங்கையும் தொடங்கிய வேலையை அண்ணன் மகன் முடித்துவிட்டார்.

1848 ஜனவரி 9-ந் தேதி கரோலின் கண் மூடினார். ஹானோவரில் பெற்றோருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விரும்பியபடி சவப்பெட்டியில் இரண்டு பொருள்கள் வைக்கப்பட்டன. ஒன்று, அண்ணன் தலைமுடி ஒரு கற்றை. மற்றொன்று, தகப்பனாருடைய பழைய பஞ்சாங்கம்.

பிறகு நடந்தது

1831-ல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்திருந்தது. அதில் அங்கத்தினரைக் குறிக்கும் இடத்தில் எல்லாம் ஆண்பால் சொல்லே இருந்தது. இந்த இலக்கணத்தைக் காட்டியே பல காலம் பெண்களைத் தடுத்தார்கள். 1872-ல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி சங்கத்தில் சேர்க்கப்பட்டார். நட்சத்திரம் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதைச் சென்னையில் இருந்தே கண்டுபிடித்தவர் அவர். ஏழு கடலுக்கு அப்பால் இருந்த இந்தியருக்குக் கதவு திறந்தது. லண்டனிலேயே இருந்த பெண்களுக்குத் திறக்கவில்லை.

1890-ல் வேறொரு சங்கம் தோன்றியது. பிரிட்டிஷ் அஸ்ட்ரானமிக்கல் அசோசியேஷன் என்று பெயர். உத்தியோகம் இல்லாமல் ஆசைக்காக வானத்தைப் பார்ப்பவர்களின் சங்கம் அது. அதில் முதலிலிருந்தே ஆண் பெண் வித்தியாசம் இல்லை. சூரிய ஆராய்ச்சிப் பிரிவுக்கு எலிசபெத் பிரவுன் என்ற அம்மையாரே தலைமை வகித்தார்.

1892-ல் அவரையும், கிரீனிச்சில் வேலை செய்த ஆனி ரஸ்ஸல் உள்பட இன்னும் இருவரையும் பழைய சங்கத்தில் சேர்க்கச் சிலர் முயன்றார்கள். ஓட்டு எடுத்ததில் தோற்றுப் போனார்கள். ஆனி பின்னால் மாண்டர் என்பவரை மணந்தார். 1898-ல் சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்க இந்தியாவுக்கும் வந்தார்.

சாசனம் திருத்தப்பட்டு, 1916 ஜனவரியில்தான் பெண்கள் முழு அங்கத்தினர்களாகச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆனி மாண்டரும் சேர்ந்தார். முதல் ஓட்டில் தோற்று 24 ஆண்டுகள் கழித்து!

தங்கப் பதக்கம் மறுபடி ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996-ல். அமெரிக்காவைச் சேர்ந்த வேரா ரூபின் அம்மையார் அதைப் பெற்றார். கரோலின் வாங்கி 168 ஆண்டுகள் ஆகியிருந்தன.